எக்ஸாஸ்ட் டிப் அழகு வேலை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

காரின் பின்னால் கண்ணுக்குத் தெரிகிற எக்ஸாஸ்ட், அதாவது புகைக்குழாயின் நுனியான டிப், பெரும்பாலும் ஒரு சாண் நீளம்தான். அதற்குக் கறுப்பு அடிக்கலாம், தேய்த்துப் பளபளப்பாக்கலாம், கேஸ் டார்ச்சின் சுடரைக் காட்டி நீலம் ஏற்றலாம், பெரிய டிப் வாங்கி மாட்டலாம். எல்லாமே வீட்டு வாசலில் வைத்துச் செய்யக்கூடிய வேலைகள். ஆனால் அந்த ஒரு சாண் சூடாகிறது, நீள்கிறது, அதிர்கிறது, உள்ளே தண்ணீரும் கரியும் சேர்கிறது. அதை மறந்து இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி அடித்தால் ஒரே வாரத்தில் பல்லிளித்துவிடும்.

கீழே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் டிப்பில் தெரிவது எதுவோ, நேராக அந்த இடத்துக்குப் போகலாம். அதற்கு முன் இந்த முதல் பகுதியை மட்டும் படித்துவிடுங்கள். எந்த உலோகம் என்று தெரியாமல் கை வைப்பதில்தான் பாதி வேலைகள் கெடுகின்றன.

## முதலில் காந்தத்தை எடுங்கள்

ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தமே போதும். டிப்பில் வைத்துப் பாருங்கள்.

ஒட்டவே இல்லை, அல்லது வளைந்த இடத்தில் மட்டும் லேசாக இழுக்கிறது என்றால் அது அநேகமாக 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எவர்சில்வர் பாத்திரத்தின் அதே இனம்: சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். பெயிண்ட், பாலிஷ், நீலம் மூன்றுக்கும் ஏற்றது. (அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. ஆனால் அது கையில் எடுத்தாலே லேசாக இருக்கும், ஆணியால் கீறினால் சட்டென்று கோடு விழும்.)

நன்றாக ஒட்டினால் இரண்டு சாத்தியம். ஒன்று 409 வகை. இதில் குரோமியம் 11 சதவீதம் அளவுக்குத்தான், நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. கம்பெனியிலிருந்தே சாம்பல் கலந்த மங்கலான நிறத்தில் வரும். இன்னொன்று சாதா இரும்பின் மேல் குரோம் முலாம். இதைக் கண்டுபிடிக்க உள்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள். வெளியே நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பு இருக்கும். உள்ளே இரண்டு விரற்கடை தாண்டியதும் முலாம் மெலிந்து சொரசொரப்பான இரும்பு தட்டுப்படும்.

நாலாவது ஒன்று உண்டு. பல புதிய கார்களில் நாம் டிப் என்று நினைப்பது பம்பரோடு சேர்ந்த பிளாஸ்டிக் அலங்காரம்தான். உண்மையான குழாய் அதற்குப் பின்னால் கீழ்நோக்கி வளைந்து ஒளிந்திருக்கும். நகத்தால் தட்டினால் சத்தமே சொல்லிவிடும். அதில் டார்ச் காட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

வெப்பம் பற்றியும் ஒரு கணக்கு இருக்கட்டும். எஞ்சினிலிருந்து டிப் வரை வருவதற்குள் புகை நிறைய ஆறிவிடும். நிதான ஓட்டத்தில் டிப் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நெடுஞ்சாலையில் விரட்டினால், பாரத்தோடு மேடு ஏறினால் 200-ஐத் தாண்டலாம். டீசல் காரில் புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் இன்னும் சூடாகும். ஆகவே 80, 90 டிகிரியில் இளகுகிற எந்தப் பொருளும் இங்கே தங்காது. ஒட்டும் வினைல் தாள், ரப்பர் மாதிரி உரித்தெடுக்கும் ஸ்ப்ரே, சாதா கார் பெயிண்ட் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

வேலை தொடங்கும்முன் எஞ்சினை நிறுத்தி, கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறவிடுங்கள். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். அதிலும் ஸ்டெயின்லெஸ், குரோம் தூசி நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.

## பெயிண்ட் தாள் தாளாக உரிகிறது

உரிந்த ஒரு துண்டை எடுத்து அதன் முதுகைப் பாருங்கள். காரணம் அங்கேதான் எழுதியிருக்கும்.

முதுகு வழுவழுவென்று இருக்கிறது, உரிந்த இடத்தில் உலோகம் பளபளக்கிறது என்றால் பெயிண்டுக்குப் பிடிமானமே கிடைக்கவில்லை. பளபளப்பான குரோமின் மேலோ பாலிஷ் போட்ட ஸ்டெயின்லெஸ் மேலோ நேராக அடித்திருப்பீர்கள். முழுவதையும் எடுத்துவிட்டு 240 அல்லது 320 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். எவ்வளவு தேய்ப்பது? வெளிச்சத்தில் பிடித்தால் உங்கள் முகம் எங்கேயும் தெரியக்கூடாது. விளிம்பின் மடிப்பிலும், உள்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற வரையிலும் இதே கதைதான். எப்போதுமே உரிதல் விளிம்பில்தான் ஆரம்பிக்கும், ஏனென்றால் எல்லோரும் அவசரமாகத் தேய்க்கிற இடம் அதுதான்.

முதுகில் வேறு நிறத்தில் ஒரு படலம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்றால் அது பிரைமர். மேலே வெப்பம் தாங்கும் பெயிண்ட், கீழே சாதா பிரைமர் என்று அடித்தால் கீழே இருப்பது வெந்து விடுபடும். மேலே இருப்பது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கூடவே வந்துவிடும். அதே கம்பெனியின் வெப்பம் தாங்கும் பிரைமரை அடியுங்கள், அல்லது பிரைமர் இல்லாமல் வெறும் உலோகத்திலேயே அடியுங்கள். பல வெப்பப் பெயிண்டுகளுக்கு இரண்டாவதே போதும், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். மேலே சாதா கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்கிற ஆசையும் வேண்டாம். அது மஞ்சளாகிக் கருகும்.

முதுகில் பழுப்புத் தூள் இருந்தால் துருவின் மேல் பெயிண்ட் போயிருக்கிறது. துருவை உலோகம் தெரியும்வரை எடுக்காமல் இதற்கு வேறு வைத்தியம் கிடையாது.

தேய்த்தபின் துடைப்பது தனி வேலை. பெட்ரோல், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கிறவர்கள் நிறைய. இரண்டும் காய்ந்தபின் எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும். அசிட்டோன் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, துணியைத் திருப்பித் திருப்பி, துணியில் கறை வருவது நிற்கும்வரை துடையுங்கள். அப்புறம் வெறுங்கையால் தொடவே கூடாது.

## பெயிண்டில் சின்னச் சின்னக் குழிகள்

அடித்த சில நொடிகளிலேயே பெயிண்ட் வட்டவட்டமாக விலகி, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுகிறதா? காரணம் சிலிக்கோன். டயருக்கும் பம்பருக்கும் அடிக்கிற பளபளப்பு ஸ்ப்ரே காற்றில் பறந்து டிப்பிலும் படிந்திருக்கும். அதன் மேல் இன்னொரு கோட் அடித்து மூடிவிடலாம் என்று நினைத்தால் அந்தக் கோட்டிலும் அதே குழி வரும். காயவிட்டு, தேய்த்து, இரண்டு தனித்தனித் துணியால் ஆல்கஹால் போட்டுத் துடைத்துவிட்டுத் திரும்ப அடியுங்கள்.

## பெயிண்ட் நகம் பட்டாலே வழண்டுவருகிறது, அல்லது முதல் ஓட்டத்திலேயே கொப்பளிக்கிறது

இது பெயிண்டின் குற்றம் இல்லை. வெப்பம் தாங்கும் பெயிண்டில் இருப்பது சிலிக்கோன் பிசின். அது காற்றில் காய்வது தொட்டுப்பார்க்கிற அளவுக்குத்தான். கெட்டியாவதற்குச் சூடு வேண்டும். அதுவும் படிப்படியாக. ஒரேயடியாகச் சூடேற்றினால் உள்ளே சிக்கிய கரைப்பான் ஆவியாகி மேல்தோலைத் தள்ளும், அதுதான் கொப்புளம்.

பல டப்பாக்களில் சொல்லப்படும் முறை இப்படி இருக்கும்: 120 டிகிரியில் அரை மணி நேரம், ஆறவிட அரை மணி நேரம், 200 டிகிரியில் அரை மணி நேரம், மறுபடி ஆறவிடல், கடைசியாக 315 டிகிரியை ஒட்டி அரை மணி நேரம். உங்கள் டப்பாவில் வேறு கணக்கு போட்டிருந்தால் அதுதான் செல்லும்.

வீட்டில் இதை எப்படிச் செய்வது? டிப்பைக் கழற்ற முடிந்தால் சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய சின்ன மின் ஓவன் நல்லது. சமையல் ஓவன் வேண்டாம், வெளியேறும் ஆவி அதன் சுவரிலேயே படியும். கழற்ற முடியாவிட்டால் ஹீட் கன் (சூடான காற்றை வீசும் கருவி). ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். பம்பரை ஈரத்துணியாலும் தகரத்தாலும் மறைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து வெப்பம் அளக்கும் கருவி கையில் இருந்தால் கறுப்பு அடித்த இடத்தில் வைத்து அளக்கவும். பளபளப்பான உலோகத்தின் மேல் அந்தக் கருவி உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும், அதை நம்பி இன்னும் சூடேற்றிக்கொண்டே போவீர்கள்.

"எஞ்சினை ஓடவிட்டால் தானே காய்ந்துவிடுமே" என்று கேட்கலாம். சும்மா நின்று ஓடும் எஞ்சினால் டிப்புக்கு அந்தச் சூடு வராது. மூடிய கராஜில் அப்படி ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, உயிர் போகும்வரை தெரியாது. கதவைப் பாதி திறந்து வைத்தேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. வெளியே எடுத்து, முதல் நாள் மெதுவாக ஒரு சுற்று, ஆறவிட்டு அடுத்து கொஞ்சம் நீளமான சுற்று என்று ஓட்டுங்கள்.

கோட் தடிமனாக இருந்தாலும் கொப்பளிக்கும். 20, 25 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லிய கோட் மூன்று, நடுவே பத்துப் பதினைந்து நிமிடம். முதல் கோட்டில் உலோகம் அங்கங்கே தெரிய வேண்டும். தெரியாமல் மூடிவிட்டால் தடிமனாக அடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நிறத்தைப் பொறுத்தவரை என் கருத்து: பளபளப்பில்லாத மட் கறுப்பு மட்டுமே நிம்மதி தரும். சிவப்பும் நீலமும் வெப்பத்தில் மெல்ல மெல்ல வெளிறும், கரி படிந்தால் அசிங்கமாகவும் தெரியும். கறுப்பு சில மாதத்தில் லேசாகச் சாம்பல் பாய்ந்தாலும் ஒரு கோட்டில் திரும்ப வந்துவிடும்.

## பாலிஷ் போட்டும் கோடு கோடாகத் தெரிகிறது

பாலிஷ் பசை கீறலை எடுக்காது, கீறல் இருக்கும் இடத்தைப் பளபளப்பாக்கும். அவ்வளவுதான். கீறலை எடுக்க வேண்டியது உப்புத்தாள்.

304 டிப்பில் 400 நம்பர் தாளில் தொடங்கி 800, 1200, 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் போங்கள். இதில் உள்ள சூட்சுமம் திசை. 400-இல் டிப்பைச் சுற்றித் தேய்த்திருந்தால் 800-இல் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே ஓடுகிற பழைய கோடுகள் கடைசியாக மறையும்வரை அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். இப்படித் திசை மாற்றினால்தான் எந்தக் கோடு எந்தத் தாள் போட்டது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரே திசையில் தேய்த்துக்கொண்டே போனால் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். பாலிஷ் போட்டு வெயிலில் நிறுத்தியதும் 400-இன் கோடுகள் அத்தனையும் எழுந்து நிற்கும். ஒவ்வொரு தாள் மாற்றும்போதும் டிப்பைக் கழுவுங்கள், வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். முந்தின தாளின் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் போதும், புதுக்கீறல்.

பளபளப்பு நன்றாக வந்து, ஒரு ஓட்டத்துக்குப்பின் பழுப்புப் படலமும் கைரேகையும் தெரிந்தால், பாலிஷின் எண்ணெய் மிச்சமும் உங்கள் விரல் எண்ணெயும் சூட்டில் வெந்து படிந்திருக்கிறது. முதல் ஓட்டத்துக்கு முன் ஆல்கஹாலால் துடைப்பதோடு இது நிற்கும். பாதுகாப்புக்கென்று கார் மெழுகு பூசுவதால் பயன் இல்லை. கார்னாபா மெழுகு 82 முதல் 86 டிகிரிக்குள் உருகிவிடும். சக்கரத்துக்கென்று விற்கும் வெப்பம் தாங்கும் பூச்சு ஓரளவு நிற்கும்.

## ஸ்டெயின்லெஸ் என்றுதான் வாங்கினேன், பழுப்புப் புள்ளி வருகிறது

ஒரு புள்ளியைப் பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். அடியில் முழு உலோகம் நன்றாக இருந்தால் துருப்பிடித்தது டிப் இல்லை. அதில் பதிந்த வேற்று இரும்பு. பெரும்பாலும் ஸ்டீல் வுல் போட்டுத் தேய்த்தவர்களுக்குத்தான் இது வரும். அது சாதா இரும்பு நார். அதன் நுண்துகள்கள் ஸ்டெயின்லெஸ் முகத்தில் குத்திக்கொண்டு ஈரம் பட்டதும் துருவேறும். பக்கத்தில் யாராவது இரும்பைக் கிரைண்டரில் அறுத்து அந்தப் பொறி பறந்து பட்டாலும் இதே கதி.

100 கிராம் சிட்ரிக் அமிலத்தை 1 லிட்டர் வெந்நீரில் கரைத்து, துணியில் நனைத்து டிப்பைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். இரும்புத் துகள் கரைந்துபோகும், ஸ்டெயின்லெஸ் அப்படியே இருக்கும். அடுத்த முறை தேய்க்க நார்ப்பட்டையோ வெண்கல நாரோ எடுங்கள்.

409 டிப்பில் பழுப்பு என்றால் கதை வேறு. அதன் சுபாவமே அது. மேல்தோலில் பழுப்பு வரும், உள்ளே அரித்துப்போக வருடக்கணக்கில் ஆகும். அதைப் பளபளப்பாகவே வைத்துக்கொள்ள மல்லுக்கட்டுவதைவிடக் கறுப்பு அடித்துவிடுவது மேல்.

ஒரு எச்சரிக்கை: ப்ளீச்சிங் கலந்த எதையும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையும் ஸ்டெயின்லெஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குளோரைடு அதற்கு எமன். பளபளப்பு வருகிற மாதிரி தோன்றி, சில நாளில் ஊசிமுனைக் குழிகளாக அரிக்கும்.

## குரோம் உரிகிறது

உரிந்த முலாமை வீட்டில் திரும்பக் கொண்டுவர முடியாது. குரோம் முலாம் மிக மெல்லியது, அதற்கடியில் நிக்கல். ஒரு இடத்தில் பிளந்து துரு புகுந்துவிட்டால் அது பக்கவாட்டில் அடிவழியாகப் பரவிக்கொண்டே போகும். உரியாத இடத்தில் மேலோட்டமான துருப்புள்ளி மட்டும் என்றால், அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிருதுவானது. கீறாமல் துருவை எடுக்கும். கொப்புளமாக எழும்பிவிட்டது என்றால் உரிந்த முனைகளை எல்லாம் சுரண்டி, விளிம்பை விரலுக்குத் தட்டாத அளவுக்குத் தேய்த்துச் சமன் செய்து, கறுப்பு அடியுங்கள். உரிந்த முலாம் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும், கையுறை போடுங்கள்.

## டார்ச்சில் காட்டினேன், நீலம் வராமல் சாம்பலாகிவிட்டது

சூட்டில் ஸ்டெயின்லெஸ் முகத்தில் மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது. அதன் தடிமனைப் பொறுத்து ஒளி பிரிந்து நிறம் தெரிகிறது. சாயம் எதுவும் இல்லை. 304-இல் காற்றில் ஏறத்தாழ 290 டிகிரியில் வெளிர் மஞ்சள், 340-இல் வைக்கோல் நிறம், 390-இல் பழுப்பு, 450-இல் அடர் ஊதா, 540-இல் நீலம், 600-ஐ ஒட்டி அடர்நீலம். அதையும் தாண்டினால் சாம்பல். சாம்பலாகிவிட்டது என்றால் நீங்கள் நீலத்தைக் கடந்து போய்விட்டீர்கள். ஆறவிட்டால் திரும்பி வராது. தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கவனித்துச் செய்தால் இது பார்க்கவே அழகான வேலை. டிப்பைக் கழற்றி, காரிலிருந்து தள்ளி, தீப்பிடிக்காத மேடையில் வையுங்கள். வெயிலில் செய்யாதீர்கள், நிறம் மாறுவது தெரியாது. நிழலில் ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வரட்டும். சுடரின் உள்கூம்பு உலோகத்தில் படாமல் விளிம்பிலிருந்து சுற்றிக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு விளிம்பில் மெல்லிய பொன்னிறம் கோடாகத் தோன்றும். அது உள்நோக்கி நகர நகர, அதன் பின்னால் பழுப்பும், அதற்கும் பின்னால் ஊதாவும் வரிசையாக வரும். விளிம்பு ஊதாவைத் தொட்டதுமே சுடரை எடுத்துவிடுங்கள். உலோகத்தில் மிச்சமிருக்கும் சூடு இன்னும் ஒரு படி தள்ளி நீலத்தில் கொண்டுபோய் நிறுத்தும். பெரும்பாலானோர் நீலம் தெரிந்தபின் எடுப்பதால்தான் சாம்பலில் முடிகிறது. சட்டென்று தண்ணீரில் போடாதீர்கள், தானாக ஆறட்டும்.

நிறம் திட்டுத்திட்டாக வந்தால் எண்ணெய் அல்லது கைரேகை. ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் மாறினால் அங்கே தகடு மெல்லிதாக இருக்கிறது; வெல்டிங் தையல் இருக்கும் பக்கம் தடிமன் அதிகம், அது தாமதமாகவே நிறம் மாறும். அதற்கு ஏற்பச் சுடரைக் கொஞ்சம் அதிக நேரம் அங்கே நிறுத்துங்கள்.

குரோம் முலாம் பூசியதற்கு டார்ச் காட்டாதீர்கள், முலாம் வெடித்து உரியும். துத்தநாகம் பூசிய இரும்புக்கு அறவே கூடாது. அதன் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலில் படுக்க வேண்டியதுதான்.

இந்த நீலம் ரொம்ப நாள் நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலிஷ் பசையால் ஒரு தடவை அழுத்தித் துடைத்தாலே போய்விடும். நிறம் ஏறிய இடம் துருவுக்கும் முன்பைவிடக் கொஞ்சம் பலவீனம், ஏனென்றால் அதனடியில் குரோமியம் குறைந்திருக்கும். கழுவும்போது சோப்புத் தண்ணீரும் மிருதுவான துணியும் மட்டும்.

## துடைத்த மறுநாளே உள்ளே கரி

பெரும்பாலும் இதில் டிப்பின் தவறு ஏதும் இல்லை. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்கள் பழைய வகையைவிட அதிகக் கரி விடும். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. குறுகிய ஓட்டமே ஓடுகிற காரில் அது குளிர்ந்து கரியோடு கலந்து கறுப்புத் துளிகளாகச் சொட்டும்.

ஆனால் கரியை விரலால் தொட்டுப் பாருங்கள். உலர்ந்த பொடி என்றால் சாதாரணம், அல்லது எரிபொருள் கொஞ்சம் அதிகமாகப் போகிறது. பிசுபிசுப்பாக, எண்ணெய்போல் விரலில் இழுபட்டால் எஞ்சின் ஆயில் எரிகிறது. புகை வடிகட்டி உள்ள டீசல் காரில் டிப் உள்ளே எப்போதும் சுத்தமாகவே இருக்கும். அங்கே கறுப்பாகக் கரி படிய ஆரம்பித்தால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பாலிஷ் வாங்குவதற்கு முன் இது.

இரண்டு டிப் உள்ள காரில் ஒன்று கறுப்பு, ஒன்று சுத்தம் என்றால் பதற வேண்டாம். சில கார்களில் ஒரு பக்கத்துக்கு வால்வு இருக்கும், எஞ்சின் வேகம் கூடும்போதுதான் திறக்கும். சிலவற்றில் ஒரு பக்கம் வெறும் அலங்காரம்.

உள்பக்கத்தைக் கறுப்பு அடித்துவிடுவது என் பரிந்துரை. தினமும் கரியோடு சண்டை போட வேண்டியதில்லை.

## டிப் கோணலாக நிற்கிறது, கடகடவென்று சத்தம் வேறு

டிப்பைத் திருகுவதற்கு முன் குனிந்து, எக்ஸாஸ்ட்டைத் தொங்கவிடும் ரப்பர்களைப் பாருங்கள். ரப்பர் வெடித்து இழுபட்டிருந்தால் குழாய் முழுவதும் கீழே தொங்கும்; டிப்பை இன்று நேராக்கினாலும் நாளைக்கு மறுபடி கோணல்தான். பெரிய இரட்டைச்சுவர் டிப் மாட்டினால் எடை கடைசி ரப்பரில் இறங்கும், பழைய ரப்பர் அதோடு தோற்றுவிடும்.

ரப்பர் நன்றாக இருந்தால் அளவு. குழாயைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு அளந்து 3.14-ஆல் வகுத்தால் வெளிவிட்டம். சுற்றளவு 160 மி.மீ. என்றால் 51 மி.மீ., அதாவது 2 அங்குலக் குழாய். டிப்பின் நுழைவாயின் உள்விட்டம் இதைவிட 1, 2 மி.மீ. பெரிதாக இருந்தால் போதும். மூன்று திருகு வைத்த டிப்பில் ஒரு திருகை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டிப் ஒரு பக்கம் சாயும். ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, அடுத்தது அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்குங்கள். இரண்டு மூன்று தடவை சூடாகி ஆறியபின் மறுபடி முடுக்க வேண்டியிருக்கும். இடைவெளி அதிகம் என்றால் ஸ்டெயின்லெஸ் பட்டையைச் சுற்றிச் சேருங்கள். குளிர்பான டப்பாத் தகடு வேண்டாம், சீக்கிரம் அரித்துப்போகும்.

நின்றால் சத்தம் இல்லை, ஓட்டி அரைமணி கழித்துத்தான் தட்டுகிறதா? குழாய் நீள்கிறது. ஸ்டெயின்லெஸ் குழாய் 3 மீட்டர், சூடு 200 டிகிரி கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் நீளம் ஏறத்தாழ 10 மி.மீ. கூடும். குளிர்ந்திருக்கும்போது பம்பர் விளிம்பை ஒட்டி அழகாகப் பொருத்தியது சூடானபின் அதில் மோதும். சுற்றிலும் 20, 25 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

## பம்பர் இளகுகிறது, மஞ்சள் படிகிறது

உடனே கவனிக்க வேண்டியது இது. டிப்பின் வாய் பம்பரின் வெளிவிளிம்புக்கு உள்ளேயே முடிந்தால் சூடான புகை பிளாஸ்டிக்கிலேயே வீசும். பல பம்பர்களின் அடிப்படைப் பொருளான பாலிபுரோப்பிலீன் 160 டிகிரியை ஒட்டி உருகிவிடும், அதற்கு வெகு முன்பே இளகி நெளியும். வாய் விளிம்போடு சமமாகவோ சற்று வெளியேயோ இருக்க வேண்டும். வெகுதூரம் நீட்டினால் காலில் சுடும், பார்க்கிங்கில் முதலில் இடிவதும் அதுதான். குழாய் கீழே வளைந்த காரில் நேர் டிப் மாட்டினால் அது தரையைப் பார்த்தே நிற்கும். சாய்வுக் கழுத்துள்ள டிப் வாங்குங்கள். குழாயை அறுத்துக் குட்டையாக்குவது மட்டும் வேண்டாம். புகை காருக்கு அடியிலேயே முடிந்தால் உள்ளே ஏறும்.

## கார்பன் ஃபைபர் டிப் மஞ்சளாகிறது

அதன் வெளி உறை மட்டும்தான் கார்பன். உள்ளே இரும்போ ஸ்டெயின்லெஸ்ஸோ இருக்கும். மஞ்சளாவது மேலே உள்ள பிசினும் கிளியர் கோட்டும். 2000 நம்பர் தாளும் பாலிஷும் மேல்தோலை ஓரளவு மீட்கும். இழைகள் வெளியே தெரிய ஆரம்பித்தால் தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள், உறையே போய்விடும்.

## பழைய டிப் வரமாட்டேன் என்கிறது

ஸ்டெயின்லெஸ் டிப்பும் சாதா இரும்புக் குழாயும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் இரும்பு வேகமாகத் துருப்பிடித்து இரண்டையும் ஒட்டவைத்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே அடித்து வையுங்கள். காலையில் இழுக்காதீர்கள், இடமும் வலமுமாகத் திருகுங்கள். இழுத்தால் ரப்பர்தான் அறும். வரவில்லை என்றால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஹீட் கன்னால் வெளிப்பக்கத்தை மட்டும் சூடாக்கித் திருகுங்கள். எண்ணெய் ஈரம் இருக்கும்போது சுடர் காட்டினால் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் டேங்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. கிளாம்ப் நட்டு உருண்டுபோயிருந்தால் கிளாம்பை அறுத்து எறியுங்கள், புதுக் கிளாம்ப் பெரிய செலவில்லை. புதியதை மாட்டும்போது குழாயின் துருவைத் தேய்த்து, போல்ட்டிலும் கழுத்தின் உள்பக்கத்திலும் இறுகாமல் காக்கும் செம்புப் பசையோ நிக்கல் பசையோ தடவிவிடுங்கள். அடுத்த தடவை ஸ்பேனர் ஒன்றே போதும்.